திண்ணைத் தூணை இரண்டு முறை மாற்றினேன்

கும்பகோணத்துக்கு அருகே, அரசலாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில், பெற்றோர் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிழக்கு பார்த்த வீடு. வாசல் திண்ணையின் கூரையை நான்கு மரத்தூண்கள் தாங்குகின்றன. அவற்றில் வடக்கு ஓரத்துத் தூணை 2022 ஆகஸ்டில் மாற்றினேன். எட்டு மாதம் கழித்து, 2023 ஏப்ரலில், அதே தூணை மறுபடியும் மாற்றினேன். இரண்டுக்கும் சேர்த்து 52,500 ரூபாய் செலவானது. முறையாகச் செய்திருந்தால் எட்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்று பிற்பாடு தெரிந்தது. பணம் போனதைவிட எனக்கு அதிகம் வலிப்பது, அடியைத் தவிர நல்ல நிலையில் இருந்த பழைய தூண் விறகாகப் போனதுதான். என் தாத்தாவும் அதன்பின் அப்பாவும் முதுகு சாய்த்துச் சாய்த்து, அந்தத் தூணின் உட்பக்கம் இடுப்பு உயரத்துக்கு மேல் ஒரு கை அகலம் கண்ணாடிபோல வழவழப்பாகியிருந்தது. அதை இனி எந்தத் தச்சராலும் செய்து தர முடியாது.

முதல் அறிகுறி 2021இலேயே தெரிந்தது. தூணின் அடியில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நான் அதைச் சுரண்டிவிட்டு, மேலே இன்னொரு பூச்சு எனாமல் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். மரத்துக்குள் ஈரம் இருக்கிறது, வெளியே வர வழி தேடுகிறது என்பதுதான் அந்தக் கொப்புளத்தின் பொருள். நான் அந்த வழியையும் அடைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஆனி மாதம் திண்ணையைக் கழுவும்போது துடைப்பக்கட்டையின் முனை தூணின் அடியில் பட்டு, அரை விரல் ஆழத்துக்கு உள்ளே போய்விட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் கூரை இறங்குவதுபோலவே தோன்றியது.

மரத்தூண் இருக்கும் வீட்டில் வாழ்கிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்பு, பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஒரு ரூபாய் நாணயத்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். திடமான மரம் ‘டக்’ என்று சொல்லும். உள்ளே கரையான் தின்ற மரம் காலி டப்பாவைப்போல ஒலிக்கும். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அடிப்பகுதியின் நான்கு பக்கமும் அழுத்திப் பாருங்கள். சுவர் பக்கம் இருக்கும் முகத்தை விட்டுவிடாதீர்கள். என் தூணில் தெருப் பக்கம் நன்றாக இருந்தது, உள்பக்கம்தான் உளுத்துப் போயிருந்தது. சுவரிலோ தூணிலோ பென்சில் கனத்துக்கு மண் கோடு ஏறியிருந்தால் அது கரையான் போட்ட பாதை. துடைத்துவிட்டால் போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பயத்தில் நான் செய்த பெரிய தவறு, உடனே வேலை முடிய வேண்டும் என்று நினைத்தது. எங்கள் ஊரில் நல்ல தச்சர்கள் இரண்டு பேரே இருக்கிறார்கள். ஒருவர் ஆடி கழியட்டும் என்றார். இன்னொருவர் கோயில் தேர் வேலையில் இருந்தார். பக்கத்து ஊர் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்து, “ஒரே நாள் வேலை டீச்சர், காலையில் வந்தால் சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் முடித்துவிடுவேன்” என்றார். கட்டட வேலையில் அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். மரவேலை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. தூண் எதனால் உளுத்தது என்று அவரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னிடம் ஆள் யார் என்று விசாரித்தால் ஒன்றைத்தான் சொல்கிறேன்: வந்த உடனே விலை பேசுகிறவரை விட்டுவிடுங்கள், குனிந்து அடியைப் பார்த்து, அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அன்று நடந்தது இதுதான். ஓடுகளை இறக்காமலேயே, லாரிக்கு வைக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை நேராகத் திண்ணை டைல்ஸ் மேல் வைத்து, அதன்மேல் ஒரு கட்டையை நிறுத்தி, தூண்களின் மேல் கூரையைத் தாங்கிக் கிடக்கும் உத்திரத்தைத் தூக்கினார்கள். இரண்டு டைல்ஸ் படீரென்று வெடித்தன, ஜாக்கி ஒருபுறம் சாய்ந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் கையை இழுத்துக்கொண்டதால் தப்பினான். எனக்குக் கைகால் நடுங்கியது. வேலையை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பழைய தூணை அதற்குள் அறுத்திருந்தார்கள், கூரை அந்தரத்தில் நின்றது, நான் வாயை மூடிக்கொண்டேன். பழைய தூணை மூன்று துண்டாக்கி, மேலே உத்திரத்துக்கு அடியில் படுக்கையாக இருந்த போதிகைக் கட்டையையும் சேர்த்து, வண்டியில் ஏற்றிப் போனார்கள். புதுத் தூண் வேப்பமரம். “வேம்பில் கரையான் அண்டாது” என்றார் மேஸ்திரி. தூணின் மேல் வைத்த போதிகையும் அதே மரம், நான்கு அங்குல கனம். அடியில் சிமென்ட் கலவை கொட்டி, அதற்குள் தூணை நட்டு, சுற்றிலும் கிண்ணம்போலப் பூசி, மறுநாளே பெயின்ட் அடித்துவிட்டார்கள். தூண் 7,000, கூலி 6,000, சிமென்ட், டைல்ஸ் வகையில் 3,500, பெயின்ட் 2,000, ஆக 18,500 ரூபாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டதும் வடக்கு மூலையில் ஓடு ஒழுக ஆரம்பித்தது. ஜாக்கியால் அளவுக்கு மேல் தூக்கியதில் ஓடுகள் உட்காரும் ரீப்பர் சட்டங்கள் அசைந்து, ஓடுகள் ஒன்றோடொன்று கவ்வியிருந்த இடங்கள் விலகியிருந்தன. கார்த்திகையில் தூணின் நடுவே நெடுக்காக ஒரு விரிசல் விழுந்தது. தை மாதத்துக்குள் அதில் என் சுண்டுவிரல் நுழைந்தது. தூண் கொஞ்சம் திருகிக்கொண்டு, பக்கத்துத் தூணோடு பார்வைக்கு ஒத்துப்போகாமல் நின்றது. எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது, போதிகைக்கும் உத்திரத்துக்கும் நடுவே பகல் வெளிச்சம் தெரிந்ததுதான். கால் அங்குல இடைவெளி. அதாவது அந்தத் தூண் எதையும் தாங்கவில்லை, சும்மா நின்றுகொண்டிருந்தது. அந்த மூலையின் பாரம் முழுவதும் உத்திரத்தின் முனையில் தொங்கியது. பாரம் என்றால், மங்களூர் ஓடு ஒன்று ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அந்த மூலைக்கு ஐம்பது ஓடுகளாவது வரும். கூரையின் சாய்வுச் சட்டமான கைமரமும் உத்திரமும் சேர்ந்தால் இருநூறு கிலோவுக்குக் குறையாது. மழையில் ஓடு நீர் குடித்தால் இன்னும் கூடும். அதன் அடியில் தினமும் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறேன்.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். மூன்று முறை வருகிறேன் என்றார், வரவில்லை. பேசிய எதையும் நான் எழுதி வாங்கியிருக்கவில்லை, முழுப் பணத்தையும் அன்றைக்கே கொடுத்திருந்தேன். வேலையில் கால் பங்குப் பணத்தையாவது ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்கலாம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள முடியும். அப்படிக் கேட்பது அவமரியாதை என்று நான் நினைத்திருந்தேன். ஊரில் சிலர், “இதெல்லாம் இந்தக் காலத்துக்குச் சரிவராது, கான்கிரீட் தூண் போட்டுவிடுங்கள்” என்றார்கள். இரண்டு நாள் அதையும் யோசித்தேன். மற்ற மூன்று தூண்களும் மரமாக நிற்க, ஒன்று மட்டும் சிமென்டாக நிற்பதை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை.

தேர் வேலை முடித்துவந்த பெரிய ஆசாரியைப் போய்ப் பார்த்தேன். எழுபது வயதுக்கு மேலிருக்கும். அன்று மாலையே வந்தார். கால் மணி நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு புதுத் தூணின் தலைப்பக்கத்தைத் தொட்டுக் காட்டி, “டீச்சரம்மா, இது பச்சை மரம். வெட்டி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது” என்றார். அவர் சொல்லித்தான் சில விஷயங்கள் எனக்கு விளங்கின. மரம் நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது; குறுக்குவாக்கில் நன்றாகச் சுருங்கும். தூண் நின்ற உயரம் அப்படியே இருந்தது, ஆனால் படுக்கையாக வைத்த போதிகை நான்கு அங்குலத்தில் கால் அங்குலம் சுருங்கிவிட்டது. நான் பார்த்த வெளிச்சம் அதுதான். தூண் பிளந்ததற்குக் காரணம், சிறிய மரத்தை அப்படியே சதுரமாக்கியதால் மரத்தின் நட்ட நடுப் புள்ளி தூணுக்குள்ளேயே இருந்தது. அப்படிப்பட்ட தூண் காயும்போது பிளக்காமல் இருக்காது. வெட்டிய முனையில் மரத்தின் வளையங்கள் முழு வட்டமாகத் தெரிந்தால் அந்தத் தூணை வாங்க வேண்டாம், வில்லைப்போல வளைந்து ஓடினால் வாங்கலாம் என்றார். வேம்பில் கரையான் அண்டாது என்பது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும். வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது. என் தூணில் நான்கு மூலைகளும் வெள்ளைதான்.

பழைய தூண் ஏன் உளுத்தது என்பதையும் அவர்தான் கண்டுபிடித்தார். மற்ற தூண்களின் அடியைப் பார்த்துவிட்டு, “தரை எப்போது உயர்ந்தது?” என்று கேட்டார். 2016இல் அம்மா வழுக்கி விழுந்த பிறகு, பழைய செங்கல் தளத்தின் மேலேயே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டினோம். மூன்று அங்குலம் உயர்ந்தது. ஒவ்வொரு தூணின் அடியிலும் தரைக்கு மேல் நான்கு அங்குலம் நின்ற கருங்கல் பீடம் அதில் புதைந்து, ஒரு அங்குலம்தான் மிஞ்சியது. அதையும் அழகுக்காகச் சுற்றிலும் சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள். மரத்தின் அடிமுனை உறிஞ்சுகுழல்போல நீரை இழுக்கும். அதனால்தான் முன்னோர் மரத்தைத் தரையில் நிறுத்தாமல் கல்லின்மேல் நிறுத்தினார்கள். நாங்கள் அதைக் கோப்பைக்குள் நிறுத்திவிட்டு, தினமும் காலையில் கழுவிக் கோலம் போட்டோம். வடக்கு ஓரத்துத் தூணில் வாடைக்காற்றோடு வரும் சாரலும் சேர்ந்துகொண்டதால் அது முதலில் போனது. “மேலே ஆறடி மரம் வைரமாக இருந்திருக்கும் அம்மா. அடி ஒன்றரை அடியை மட்டும் வெட்டி எடுத்து, புது மரம் ஒட்டுப்போட்டு, கல்லை உயர்த்தி வைத்திருந்தால் ஏழெட்டாயிரத்தில் முடிந்திருக்குமே. அந்த மரம் எங்கே?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்துவந்தேன்.

ஆகவே முழுத் தூணையும் மாற்றச் சொன்னால், அடி மட்டும் மாற்றினால் போதுமா என்று முதலில் கேளுங்கள். தூண் மேலே திடமாகவும் அடியில் மட்டும் கெட்டும் இருந்தால், ஒட்டுப் போடுவது தச்சர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை. வேண்டாம் என்று முடிவானாலும் பழைய மரத்தை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். வேறொன்றுக்கும் உதவாவிட்டாலும் போதிகைக்கும் ஆப்புக்கும் அந்த மரம்தான் சிறந்தது; காய்ந்து காய்ந்து அசையாத நிலைக்கு வந்த மரம் அது.

மரம் தேடி ஒரு மாதம் அலைந்தேன். காய்ந்த மரம் என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். ஒரு அங்குல கனம் நிழலில் காய ஒரு ஆண்டு என்பது தச்சர்களின் கைக்கணக்கு. ஆறு அங்குலத் தூணை அப்படிக் காய வைத்து விற்பவர் யார் இருக்கிறார்கள்? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன, இடித்த வீடுகளின் தூண்களும் கதவுகளும் அங்கே வரும் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அழகழகான தூண்கள் இருந்தன. ஆனால் உயரம் சேரவில்லை, விலையும் என் கைக்கு எட்டவில்லை, அந்த வீடுகளை நினைத்து மனதும் கனத்தது. கடைசியில் ஆசாரியே மன்னார்குடிப் பக்கம் ஒரு வீடு இடிப்பதாகக் கேள்விப்பட்டு என்னை அழைத்துப் போனார். பத்தடி நீளம், ஒன்பதுக்கு ஏழு அங்குலத்தில் ஒரு தேக்கு உத்திரம். நான்கே கால் கன அடிக்குச் சற்றுக் கூடுதல். கன அடி 3,200 வீதம் பேசி 14,000 ரூபாய் கொடுத்தேன். என் தூணுக்குத் தேவை ஆறுக்கு ஆறு அங்குலம், எட்டடி, அதாவது இரண்டு கன அடிதான். மிச்ச மரத்தில் போதிகையும் ஆப்புகளும் செய்தோம், இன்னும் கொஞ்சம் பரணில் இருக்கிறது. பழைய மரம் வாங்குகிறவர்கள் காந்தம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். மரத்துக்குள் முறிந்த ஆணி இருந்தால் அறுப்பு மில்லில் வாள் போய்விடும், அதற்கும் உங்களிடம்தான் காசு கேட்பார்கள். எங்கள் உத்திரத்தில் பதினோரு ஆணிகள் இருந்தன. ஆசாரி ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே மில்லுக்கு அனுப்பினார்.

இரண்டாம் முறை வேலை நான்கு நாள் நடந்தது. முதல் நாள் தூணைத் தொடவே இல்லை. அந்த மூலையின் ஓடுகளை இறக்கி எண்ணி அடுக்கினார்கள், பாரம் பாதியானது. பக்கத்துத் தூணின் தலையிலிருந்து உத்திரத்தை ஒட்டி ஒரு நூலைக் கட்டி, உத்திரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். முக்கால் அங்குலம். பிறகு தூணின் இரு பக்கமும் இரண்டடி தள்ளி, கனமான சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்தார்கள். கம்பின் அடியில் இரண்டடிப் பலகை, பலகையின்மேல் எதிரெதிராக இரண்டு ஆப்புகள். இரண்டையும் மாறி மாறித் தட்டத் தட்டக் கம்பு மயிரிழை மயிரிழையாக உயரும். ஜாக்கி வைத்தாலும் தவறில்லை, ஆனால் ஹைட்ராலிக் ஜாக்கி இரவோடு இரவாகத் தானாகவே இறங்கக்கூடும். தூக்கியதும் கட்டையும் ஆப்பும் வைத்து இறுக்கிவிட வேண்டும் என்றார் ஆசாரி. முதல் நாள் கால் அங்குலம், மறுநாள் காலையில் கால், மாலையில் கால். வருடக்கணக்கில் வளைந்த மரத்தை ஒரே மூச்சில் நிமிர்த்தினால் எங்காவது முறியும். தூக்கி முடித்த பிறகு, உத்திரத்தின் அடிக்கும் கல்லின் தலைக்கும் நடுவே அளந்துதான் புதுத் தூணின் உயரத்தைக் குறித்தார்கள். இதைக் கவனியுங்கள். முதல் முறை மேஸ்திரி பழைய தூணையே அளந்து அதன்படி வெட்டினார்; அடி நைந்து அமுங்கிய தூண் அது. குறைந்த உயரத்துக்கு மரச்சில்லைச் செருகிச் சிமென்டால் மூடியிருந்தார்கள். பழைய சிமென்டை உடைத்தபோது அந்தச் சில்லு ஈரமாக, பிசைந்த மாவுபோல வெளியே வந்தது. அந்த எட்டு மாதத்துக்குள்ளேயே அதைச் சுற்றிக் கரையான் மண்.

அடிக்கல் 1,800 ரூபாய்க்குப் புதிதாகச் செய்தோம், இப்போதைய தரைக்கு மேல் ஐந்து அங்குலம். கல்லில் குழி வெட்டி, தூணின் அடியில் செதுக்கிய முளையான கழுந்தை அதில் இறக்குவது பல வீடுகளில் உண்டு. திறந்த திண்ணையில் அந்தக் குழியில் நீர் தங்கும் என்பதால் ஆசாரி தலைகீழாகச் செய்தார்: கல்லில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி ஒன்றை நட்டு, தூணின் அடியில் துளையிட்டு அதன்மேல் உட்கார வைத்தார். தூண் விலகாது, தண்ணீர் தேங்க இடமும் இல்லை. தூணுக்கு வெளியே தெரியும் கல் விளிம்பைச் சற்றுச் சரிவாகக் கொத்தச் சொன்னார். தூணை நிறுத்துவதற்கு முன் அதன் அடிமுனையை ஓர் இரவு முழுக்க முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயில் ஊற வைத்தோம். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தெரிந்தவர் மூலம் வாங்கினேன். கரையானுக்கும் உளுப்புக்கும் நல்ல காப்பு. ஆனால் தோலில் பட்டால் வெந்ததுபோலக் கொப்புளம் வரும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கை பழகும் உயரத்தில் பூசாதீர்கள். மேற்பகுதிக்கு ஆளிவிதை எண்ணெய் மட்டும் மூன்று பூச்சு. எனாமல் பெயின்ட் வேண்டவே வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். தரையைத் திறந்து வைத்திருந்தபோதே மண்ணில் கரையான் மருந்தும் ஊற்றினார்கள், அதற்கு 4,500. மூடிய பிறகு செய்தால் மறுபடியும் துளை போட வேண்டியிருக்கும்.

மர அறுப்புக்கு 600, ஆசாரிக்கும் உதவியாளுக்கும் நான்கு நாள் கூலி 8,000, சவுக்குக் கம்புக்கும் பலகைக்கும் 1,500, ஓடும் தரையும் சரிசெய்ய 3,600. மரம், கல், மருந்து எல்லாம் சேர்த்து இரண்டாம் முறை 34,000 ரூபாய். மாசி, பங்குனி இந்த வேலைக்கு நல்ல காலம்; மரமும் மண்ணும் காய்ந்திருக்கும், ஓட்டைப் பிரித்தால் மழை பயம் இல்லை. நாங்கள் மரம் தேடியதில் சித்திரை நெருங்கி, கோடை மழைக்கு ஒரு இரவு தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றோம்.

நான்காம் நாள் மாலை முட்டுகளை இறக்கினார்கள். ஆப்பைத் தளர்த்தத் தளர்த்த உத்திரம் போதிகையில் வந்து அமர்ந்தது. மரம் மெல்ல முனகிய சத்தம் ஒன்று கேட்டது, அவ்வளவுதான். ஆசாரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கருவிகளைப் பையில் போட்டார். நான் கூலியை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் அடுத்த தூணின் அருகே போய் உட்கார்ந்து, அதன் அடியில் இருந்த சிமென்ட் பூச்சை உளியால் மெதுவாகத் தட்டினார். ஒரு சில்லு பெயர்ந்தது. உள்ளே கருங்கல் தெரிந்தது. மரத்தை விரலால் அழுத்திப் பார்த்து, “இது இன்னும் பிழைத்திருக்கிறது அம்மா” என்றார். இருட்டுவதற்குள் நாங்கள் இருவருமாக மூன்று தூண்களின் அடியையும் திறந்துவிட்டோம்.